இணையவழி உளவள ஆலோசனையைத் தொடங்கும் முன்

துணையின் இழப்பு, மணமுறிவு, வேலை பறிபோதல் போன்ற நெருக்கடிகளில் ஆலோசகரை நாடுவோர், முதலில் அவருடைய கல்வித்தகுதியையும் தொழில்முறைப் பதிவையும் சரிபார்க்க வேண்டும். அனுபவம் மிக்கவர் என்ற பொதுவான அறிமுகம் போதாது. உங்களுடையதைப் போன்ற சிக்கலில் அவர் எவ்வாறு பணியாற்றுகிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல ஆலோசகர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அமர்வு வழக்கமாக 45 முதல் 60 நிமிடங்கள் வரை நீடிக்கும். கதவை மூடிக்கொள்ளக்கூடிய அறையும் ஹெட்போனும் இருந்தால், பிறர் காதில் விழுமோ என்ற தயக்கமின்றிப் பேசலாம். இணைப்பு துண்டிக்கப்பட்டால் யார் யாரைத் தொலைபேசியில் அழைப்பது, குறிப்புகள் எங்கே சேமிக்கப்படும், எந்தச் சூழலில் உங்கள் ரகசியம் பிறருக்குத் தெரிவிக்கப்படும் என்பவற்றை முதல் அமர்விலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தை ஆலோசகர் கேட்பது, நெருக்கடி நேர்ந்தால் உதவி அனுப்புவதற்காகவே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. தூக்கமின்மையோ குற்றவுணர்வோ, இப்போது அதிகம் வாட்டுவதிலிருந்து தொடங்குங்கள். சில அமர்வுகளுக்குப் பின்னும் நம்பிக்கை பிறக்கவில்லையெனில், அதை அவரிடமே கூறுங்கள். வேறொருவரை நாடுவதிலும் தவறில்லை. தற்கொலை எண்ணம் தலைதூக்கினால், அடுத்த அமர்வுக்காகக் காத்திராமல் உடனே அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ அணுகுங்கள்.