மூடுபனிக்குப் பரிசு கிடைக்காது

மலையை வைத்துச் சிறுகதை எழுதிப் போட்டிக்கு அனுப்புகிறவர்களில் பலர் முதல் பத்தியை மூடுபனிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நடுவர் கையில் இருக்கும் கட்டுக்குள் அப்படிப்பட்ட கதைகள் ஏற்கெனவே நிறைய. முதல் 150 வார்த்தைக்குள் யார், எங்கே, என்ன சிக்கல் என்பது தெரிந்துவிட வேண்டும். ஊட்டி அழகான ஊர் என்று நடுவருக்கும் தெரியும்.

சிக்கல் அந்த ஊரிலேயே முளைத்ததாக இருக்கட்டும். கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர், மழையில் பறித்த 60 கிலோ பசுந்தேயிலையை ஃபேக்டரிக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இலை நனைந்திருக்கிறது, ஈரத்துக்கென்று எடையில் கழிக்க வேண்டும். கழிக்க வேண்டியவன் அவருடைய மருமகன். எத்தனை கிலோ கழிப்பான்? கதை நகர இது போதும். மாமனார் கெஞ்ச வேண்டாம், மகளின் பெயரைச் சொல்லவும் வேண்டாம். எடைச் சீட்டை அவர் படிக்காமலே மடித்துப் பையில் வைக்கட்டும். அந்த இடத்தில் ‘ஏழை விவசாயியின் கண்ணீர்’ என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். மருமகனை வில்லனாக்குவதும் அதே தவறுதான். கழிக்காமல் விட்டால் அவன் வேலைக்கு ஆபத்து, வரிசையில் நிற்கும் மற்றவர்களும் கேள்வி கேட்பார்கள். யார் பக்கம் நிற்பது என்று தடுமாறும் நடுவர்தான் கதையை இரண்டாம் முறை படிப்பார்.

தகவல் பிழைகள் நம்பிக்கையைக் கெடுக்கும். உறைபனி விழுவது வானம் தெளிந்த, காற்றடங்கிய இரவில்; அடர்ந்த மூட்டத்தையும் அதையும் ஒரே இரவில் சேர்த்தால் குன்னூர்க்காரர் சிரிப்பார். நீலக்குறிஞ்சி பூப்பது 12 ஆண்டுக்கு ஒருமுறை, கொடைக்கானலில் 2018-ல் பூத்தது. கதையின் காதலர்கள் வருடாவருடம் அந்தப் பூக்களுக்கு நடுவே சந்திக்க முடியாது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தைப் பற்றி எழுதினால் வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர்களில் பலர் இந்தியா திரும்ப வழிவகுத்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல் ஆனது. 1970-ல் 8 வயதில் கப்பலேறியவருக்கு 2024-ல் 62 வயது.

பேச்சு வழக்கில்தான் கை அதிகம் வழுக்கும். நீலகிரியின் படுகர் சமூகத்தினர் வீட்டுக்குள் படுக மொழி பேசுவார்கள். அதைக் கொச்சைத் தமிழாக்கினால் ஆட்கள் கோமாளியாகத் தெரிவார்கள். உரையாடலை எளிய தமிழில் வையுங்கள். ஊரைக் குறிக்கும் ஹட்டி போன்ற ஓரிரு சொற்கள் போதும், அவற்றுக்கு அடைப்புக்குறி விளக்கம் வேண்டாம்.

வரம்பு 1500 வார்த்தை என்றால் 1900 வரை எழுதிவிட்டு வெட்டுங்கள். முதலில் வெட்ட வேண்டியது பழைய நினைவுகள்: ஒரே இடத்தில் 100 வார்த்தையைத் தாண்டினால் கதை நின்றுவிடும். அடுத்து, மூன்றாவது ஆளுக்குப் பின் வரும் பாத்திரங்கள். பிறகு கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படியுங்கள். குறை தெரியவில்லையா, நீக்கிவிடுங்கள். பெரும்பாலும் அது ஆசிரியர் எட்டிப் பார்த்துப் பேசும் பத்தி.

அனுப்புவதற்கு முன் விதிகளைப் படியுங்கள். பல போட்டிகளில் கதைப் பக்கத்தில் பெயர் இருந்தாலே நீக்கிவிடுவார்கள், முகநூலில் போட்ட கதையும் பிரசுரமானதாகவே கணக்கு. இலக்கியச் சிந்தனை அமைப்பின் முறை வேறு: 1970-ல் தொடங்கிய அது, இதழ்களில் வெளிவந்த கதைகளிலிருந்தே மாதச் சிறந்த கதையைத் தேர்ந்தெடுத்தது. அதுபோன்ற தேர்வுகளுக்குக் கதை முதலில் ஓர் இதழில் வந்திருக்க வேண்டும்.