மழையில் டிராக் ரேடியல் டயர்: என் அனுபவம்

ஹூஸ்டனில் நேர்கோட்டு கார் பந்தயப் பாதையிலிருந்து என் மஸ்டாங் காரில் வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பின்சக்கரங்களில் டிராக் ரேடியல் (drag radial), அதாவது இந்தப் பந்தயத்துக்கான மென்மையான டயர். 45 மைல் வேகம்தான். தேங்கிய நீரில் ஏறியதும் எஞ்சின் இரைச்சல் சட்டென்று உயர்ந்தது. பின்புறம் இடப்பக்கமாக நழுவியது. பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங்கையும் இடப்பக்கமே திருப்பினேன், வண்டி நேரானது.

ஓரங்கட்டி அளந்தேன். பின் டயர்களில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 18 பவுண்டுதான்! பந்தயத்துக்காகக் குறைத்தது அப்படியே இருந்தது. டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசா ஆய்விலிருந்து வந்த பழைய கணக்கு ஒன்று உண்டு: 18 பவுண்டுக்குச் சுமார் 44 மைல், 32 பவுண்டுக்கு 58. கையிலிருந்த பம்பால் 32 ஏற்றி, 35 மைலில் ஊர்ந்து வீடு சேர்ந்தேன்.

காற்று மட்டும் போதாது. இந்த டயரில் நீரை வெளியேற்றும் வரிகளே குறைவு. மென்மையான ரப்பர் வேறு விரைவில் தேய்கிறது. தேய்மானம் பார்க்க, கால் டாலர் நாணயத்தை அந்த வரியில் தலைகீழாகச் செருகினேன். நாணயத்திலுள்ள வாஷிங்டனின் தலை முழுவதும் வெளியே தெரிந்தது; வரியின் ஆழம் அவ்வளவு குறைந்திருந்தது. இப்போது சாதாரண டயரில்தான் சாலையில் போகிறேன். டிராக் ரேடியல்கள் தனி ரிம்மில், மடக்கிய பின் இருக்கைமேல் வருகின்றன. பாதையில் ஜாக்கி வைத்து மாற்றிக்கொள்கிறேன்.