ப்ளூஸ் சோலோவில் ஆர்பெஜியோ: கார்டு மாறும் இடத்தில் நேரும் தவறுகள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் என்னிடம் கிட்டார் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ப்ளூஸுக்குள் நுழைவது ஏ மைனர் பெண்டாடோனிக் என்ற ஐந்து நோட்டு வரிசை வழியாகத்தான். ஐந்தாவது ஃப்ரெட்டில் கையை வைத்துவிட்டால் எந்த நோட்டும் காதை உறுத்தாது. கர்நாடக சங்கீதம் பயின்ற பிள்ளைகள் அதைச் சுத்த தன்யாசி என்று உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். சில மாதங்களில் அந்த ஐந்து நோட்டுகளும் சலித்துப்போகின்றன. ஆர்பெஜியோ பக்கம் திரும்புகிறார்கள். வியப்பு என்னவென்றால், அதன் பிறகு அவர்களுடைய சோலோ முன்பிருந்ததைவிடச் சோர்ந்து ஒலிக்கிறது.

காரணம் ஒன்றுதான். சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்பான கார்டை, நோட்டு நோட்டாக ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது ஆர்பெஜியோ என்பது எல்லோருக்கும் தெரியும். சோலோவில் அது எதற்கு என்பதைப் பலர் கேட்டுக்கொள்வதில்லை. கார்டு மாறிவிட்டது என்பதைக் கேட்பவரின் காதுக்குச் சொல்லத்தான் ஆர்பெஜியோ. அந்த வேலையைச் செய்யாதபோது அது வெறும் விரல் பயிற்சியாக நின்றுவிடுகிறது.

ஏ ஸ்வரத்தில் 12 பார் ப்ளூஸை எடுத்துக்கொள்வோம் (ஒரு பார் என்பது நான்கு பீட்). முதல் நான்கு பார் ஏ7, அடுத்த இரண்டு டி7, பிறகு இரண்டு ஏ7, ஒன்பதாவது பார் இ7, பத்தாவது டி7, பதினொன்றாவது ஏ7, கடைசி பார் மீண்டும் இ7. சிலர் இரண்டாவது பாரிலேயே ஒருமுறை டி7-க்குப் போய் வருவார்கள். உடன் வாசிப்பவர் எந்த வகையை வாசிக்கப்போகிறார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏ7-இல் இருப்பவை ஏ, சி ஷார்ப், இ, ஜி. டி7-இல் டி, எஃப் ஷார்ப், ஏ, சி. இ7-இல் இ, ஜி ஷார்ப், பி, டி. இவற்றை மனப்பாடம் செய்தவர் செய்யும் முதல் தவறு, கார்டு மாறும்போதெல்லாம் அதற்குப் பெயர் தரும் வேர் நோட்டுக்கு ஓடி அங்கிருந்து மாடிப்படி ஏறுவதுபோல் ஏறி இறங்குவது. ஏ7 வந்தால் ஆறாவது தந்தியில் ஏ, டி7 வந்தால் ஐந்தாவது தந்தியில் டி. வேர் நோட்டைப் பேஸ் கிட்டார் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கிறது. அதையே நீங்களும் வாசித்தால் கேட்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

செய்தி இருப்பது, வேர் நோட்டை ஒன்றாக வைத்து எழுத்து வரிசையில் எண்ணினால் வரும் மூன்றாம் நோட்டிலும் ஏழாம் நோட்டிலும்தான். இதைக் கையில் காட்டுவது எளிது. நான்காவது தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டையும் மூன்றாவது தந்தியில் ஆறாவது ஃப்ரெட்டையும் சேர்த்துப் பிடியுங்கள். அவை ஜி, சி ஷார்ப். ஏ7-இன் உயிரே அவைதான். இரண்டு விரல்களையும் ஒரு ஃப்ரெட் கீழே, அதாவது கிட்டாரின் தலைப்பக்கமாக, இறக்குங்கள்: எஃப் ஷார்ப், சி. அது டி7. தொடங்கிய இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே ஏற்றுங்கள்: ஜி ஷார்ப், டி. அது இ7. மூன்று கார்டுகளும் இரண்டு தந்திகளில், நான்கு ஃப்ரெட்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்கு ஏ-யை சட்ஜமாக வைத்துச் சொன்னால், ஏ7-இலிருந்து டி7-க்குப் போகும்போது அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது, கைசிகி நிஷாதம் சதுஸ்ருதி தைவதத்துக்கு இறங்குகிறது. இந்த ஒரே ஃப்ரெட் நகர்வு நான்காவது பாரிலிருந்து ஐந்தாவது பாருக்குள் நுழையும் நொடியில் நடந்தால், ஆர்பெஜியோ முழுவதையும் வாசிக்கத் தேவையே இல்லை.

அந்த நொடியைத் தவறவிடுவது நான் அடிக்கடி கேட்கும் அடுத்த தவறு. செந்தூலிலிருந்து வரும் ஒரு மாணவர் மிக வேகமான விரல் உள்ளவர். ஏ7-ஐ நான்கு பாரும் அழகாக வாசித்துவிட்டு, அதே வேகத்தில் ஐந்தாவது பாரின் முதல் பீட்டில் சி ஷார்ப்பில் வந்து நின்றார். "அண்ணே, எல்லாம் சரியான நோட்டுகள்தானே?" என்று கேட்டார். நோட்டு சரி, இடம் தவறு. டி7 ஒலிக்கும்போது சி ஷார்ப் அதன் வேர் நோட்டான டி-யோடும் ஏழாம் நோட்டான சி-யோடும் ஒரே நேரத்தில் உரசுகிறது. வாசிப்பவருக்குக் கார்டு மாறியதே தெரியவில்லை என்று அது ஊருக்குச் சொல்லிவிடும். கடந்துபோகும் நோட்டாக அதைத் தொட்டுச் செல்லலாம்; அதில் தங்கக்கூடாது.

இதற்கு எதிர்த்திசையில் பார்த்தால் ப்ளூஸின் தனித்தன்மை தெரியும். ஏ7 ஒலிக்கும்போது சி வாசித்தால் அதுவும் கார்டின் சி ஷார்ப்போடு உரசத்தான் செய்கிறது. ஆனால் அந்த உரசலை ப்ளூஸ் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூன்றாவது தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் சி-யை வாசித்து, தந்தியைச் சற்றே வளைத்து, சி ஷார்ப்பை எட்டாமல் நடுவிலேயே நிறுத்துங்கள். அந்த இடைப்பட்ட ஒலிதான் ப்ளூஸ். ஆர்பெஜியோ கற்றுக்கொண்டதும் பெண்டாடோனிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, வளைவே இல்லாத சுத்தமான சி ஷார்ப்பை மட்டும் வாசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்கை (1925–2015) கேளுங்கள். மேஜரும் மைனரும் அவர் கையில் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும். இரண்டும் வேண்டும். ஏ7-இன் நான்கு நோட்டுகளோடு எஃப் ஷார்ப்பையும் சேர்த்துப் பாருங்கள். வலஜியின் ஸ்வரங்கள் கிடைக்கும். வலஜியைக் கேட்டு வளர்ந்த காது அந்த ஐந்திலும் எளிதாக நடமாடும்.

தேவாலயப் பாடல்களுக்குக் கிட்டார் வாசித்துப் பழகியவர்களிடம் வேறொரு பழக்கம் உண்டு. பாடகருக்குத் துணையாக ஆர்பெஜியோ வாசிக்கும்போது நோட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒலித்துக்கொண்டிருப்பது அழகு. சோலோவில் அதுவே குழப்பமாகிவிடும். அடுத்த நோட்டுக்குப் போகும்போது முந்தைய விரலைத் தளர்த்தி, வலது உள்ளங்கையால் தடித்த கீழ்த்தந்திகளை அமர்த்துங்கள்.

தாளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டு சரியாக இருந்தும் ப்ளூஸாக ஒலிக்காததற்கு இதுவே பெரிய காரணம். ப்ளூஸின் வழக்கமான தாள நடையான ஷஃபிளில் ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிரிகிறது. திஸ்ர நடை என்று நாம் சொல்வது. "தகிட" என்று சொல்லி, நடுவிலுள்ள "கி"யை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுங்கள். மிஞ்சுகிற நெடில், குறில்தான் ஷஃபிள். ஆர்பெஜியோவை மெட்ரோனோமோடு சம அளவில் ஏற்றி இறக்கிப் பழகியவர்கள், மேடையில் பின்னால் டிரம்ஸ் ஷஃபிள் அடிக்க, தாங்கள் மட்டும் நேர்கோட்டில் நடந்துகொண்டிருப்பார்கள். பயிற்சியின் முதல் நாளிலிருந்தே ஆர்பெஜியோவை ஷஃபிளிலேயே வாசியுங்கள். எல்லா வாக்கியங்களையும் முதல் பீட்டிலேயே தொடங்கவும் வேண்டாம். ஒரு பீட் பொறுத்து நுழைந்தால் அதே நான்கு நோட்டுகள் பேசத் தொடங்கும்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஃப்ரெட்போர்டின் வேறொரு மூலைக்குத் தாவுவதும் தேவையற்றது. டி7-க்காகப் பத்தாவது ஃப்ரெட்டுக்குப் போய்வருவதற்குள் வாக்கியம் அறுந்துபோகிறது. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் (1916–1942) கார்டு பிடிக்கும் வடிவங்களையே ஆதாரமாக வைத்து, அவற்றைச் சுற்றித் தன் சோலோக்களை நெய்தவர். 25 வயதில் மறைந்த அவர் விட்டுச்சென்ற பதிவுகள் சிலவே என்றாலும் இந்தப் பாடத்துக்கு அவை போதும். மூன்று ஆர்பெஜியோக்களையும் நான்காவது ஃப்ரெட்டுக்கும் எட்டாவது ஃப்ரெட்டுக்கும் இடையிலேயே முதலில் கண்டுபிடியுங்கள். இடம் மாறுவது பிறகு தானாக வரும்.

கடைசி நான்கு பார்களில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், கார்டு பாருக்குப் பார் மாறுவதால். நான்காவது தந்தியில் மட்டும், பாருக்கு ஒரு நோட்டாக, ஆறு, நான்கு, ஐந்து, ஆறு என்ற ஃப்ரெட்டுகளை வாசியுங்கள்: ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப். நான்கு கார்டுகளும் அதில் இருக்கின்றன. நிமிடத்துக்கு 60 பீட் வைத்தால் 12 பார் முழுவதும் முடிய 48 நொடிதான். அந்த வேகத்தில் இந்த நான்கு நோட்டுகளுக்கு முன்னும் பின்னும் பெண்டாடோனிக் வாக்கியங்களைச் சேர்த்துப் பழகுங்கள்.

பிறகு பின்னணியில் ஓடும் பேக்கிங் டிராக்கை நிறுத்திவிட்டு, துணைக்கு எதுவும் இல்லாமல் 12 பாரையும் சோலோவாக மட்டும் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்கும்போது ஐந்தாவது பாரில் டி7 உங்கள் காதில் விழ வேண்டும். விழவில்லையென்றால் வேகத்தையும் புதிய வடிவங்களையும் ஒதுக்கிவைத்து, அந்த இரண்டு தந்திகளுக்கே திரும்பிப் போங்கள்.