தேடினால் கிடைக்க வேண்டும்: அலுவலக அறிவுப் பகிர்வுச் செயலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறை. ராத்திரி ஷிப்டில் ஒவ்வொரு பீஸிலும் காற்றுக் குமிழி விழுகிறது. பிரஸ்ஸில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: போன தடவை இதை எப்படிச் சரி செய்தார்கள்? அந்தப் பதில் கைக்கு வராவிட்டால், எவ்வளவு செலவு செய்து செயலி கட்டியிருந்தாலும் வீண். ஆனால் இப்படிச் செயலி திட்டமிடும் கூட்டங்களில் பேச்செல்லாம் எழுதி வைப்பவரைச் சுற்றியே ஓடுகிறது. தேடி வருபவரை நினைப்பதே இல்லை. முதல் தவறு அதுதான்.

தேடல் பெட்டியைத்தான் நிறையச் சோதிக்க வேண்டும். ஒருவர் ‘மோல்டு’ என்று தட்டுவார், இன்னொருவர் ‘அச்சு’ என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிப்பார். குறிப்பிலோ ‘மோல்டில்’, ‘மோல்டை’ என்று உருபோடு இருக்கும். முழுச் சொல்லை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள். கடைசி உகரக் குறியை நீக்கிவிட்டுச் சொல்லின் முன்பகுதியைப் பொருத்தச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு, பட்டறையில் புழங்கும் சொற்களை நேரில் கேட்டு எழுதி, எதற்கு எது இணை என்று செயலிக்குக் கொடுங்கள்.

பழைய ஆவணங்கள் தனி வம்பு. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010இல் தரமாக ஏற்றுக்கொண்டது. யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஏற்றினால் அந்தக் கோப்புகள் எந்தத் தேடலிலும் வராது.

நிறுவன மின்னஞ்சல் கேட்கும் நுழைவும் வேண்டாம். ஃபிட்டருக்கு ஏது நிறுவன மின்னஞ்சல்? போன் எண் போதும். நீளமான படிவமும் வேண்டாம்: மெஷின் எண், ஒரு போட்டோ, அரை நிமிடக் குரல் பதிவு, அவ்வளவுதான். அப்புறம் அந்தக் குரலை மறுநாள் யாராவது இரண்டு வரி எழுத்தாக்கியே ஆக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நல்ல நல்ல விளக்கமெல்லாம் தொலைவது அது நடக்காததால்தான். பதிவுக்கு இத்தனை புள்ளி என்று பரிசு வைத்தால் எண்ணிக்கை ஏறும், சரக்கு இருக்காது.

எனக்கு அதிகம் கவலை தருவது பழசாகிப்போன குறிப்பு. காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை, மாறினால் கியூரிங் (ரப்பரைச் சூட்டில் இறுக வைப்பது) நேரமும் வெப்பமும் மாறும். குறிப்பில் உள்ள பழைய அளவை நம்பிப் போட்டால் மொத்த லாட்டும் ஸ்கிராப். குறிப்பே இல்லாவிட்டால் பிரஸ்ஸில் நிற்பவர் யாரையாவது கேட்டிருப்பார். அதனால் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் தெரியட்டும். ‘இது பழசு’ என்று யார் வேண்டுமானாலும் அழுத்த ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் எத்தனை நாளில் திருத்த வேண்டும், பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனால் குறிப்பு யார் பெயருக்கு மாறும் என்பதை எல்லாம் செயலியைத் திறந்து விடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.