பிளேன்டியை மாம்பழம்போல் வரையாதீர்கள்

மட்டக்களப்பு கல்லடியில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கிளாஸில் பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணி), தயிர்ச்சட்டி, பனங்கட்டி எல்லாம் மேசையில் வைத்து வரையும் நீர்வர்ணப் படங்களைப் பார்த்தால், நாங்கள் படித்த காலத்துப் பிழைகள் அப்படியே திரும்பி வந்திருக்கின்றன. கிளாஸின் வாய் கோணுவது, மேசை சரிவது எல்லாம் கை பழகப் பழகத் தானாகத் திருந்தும், அதை விடுங்கள்.

பிளேன்டிக்கு நிழல் போடுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். யன்னல் இடப்பக்கம் என்றால் இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் இருட்டு என்று மாம்பழத்துக்குப் போடும் நிழலையே பிளேன்டிக்கும் போட்டுவிடுகிறார்கள். மாம்பழத்தை ஊடுருவி வெளிச்சம் போகாது, பிளேன்டியை ஊடுருவிப் போகும். இடப்பக்கத்தால் நுழைந்த வெளிச்சம் கிளாஸின் வளைவில் குவிந்து எதிர்ப்பக்கத்தில், அதுவும் கொஞ்சம் கீழே, செம்மஞ்சளாக எரிகிறது; யன்னலை ஒட்டிய பக்கந்தான் கடுஞ்சிவப்பாக இருண்டிருக்கும். மேசையில் விழும் நிழலுக்குள்ளும் அந்தச் செம்மஞ்சளில் ஒரு துண்டு கிடக்கும், பாருங்கள்.

நீர்வர்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளைதான். அதை மூடினால் முழுதாகத் தேய்த்து எடுக்க முடியாது, தாள் பஞ்சுபஞ்சாகக் கிளம்பும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள நல்ல பருத்தித் தாள் என்ன விலை விற்கிறது! ஒரு பிள்ளை தயிர்ச்சட்டியையும் பனங்கட்டியையும் அவ்வளவு அழகாக முடித்துவிட்டு, கடைசியில் கிளாஸின் வலப்பக்கத்தைக் கறுப்புக் கலந்த மண்ணிறத்தால் மூடிவிட்டாள். “சேர், மேலே வெள்ளை வைக்கட்டா?” என்றாள். வேண்டாம் மகள் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள், பிளேன்டி பால் தேத்தண்ணி ஆகிவிட்டது.

முதலில் வெளிறிய மஞ்சளைக் கிளாஸ் முழுக்க ஓடவிடுங்கள். காய்ந்த பிறகு, ஒளிரும் இடத்தை விட்டுவிட்டு பேர்ன்ட் சியன்னா என்ற செம்மண்ணிற வர்ணத்தை மெல்லிசாக, ஒன்று காய ஒன்றாக ஏற்றுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஷார்டான் 1761 அளவில் ஒரு கிளாஸ் தண்ணீரையும் கோப்பிக் கேத்தலையும் வரைந்திருக்கிறார். அது எண்ணெய் வர்ணம், இருந்தாலும் தேடிப் பாருங்கள். கிளாஸ் முழுக்கப் பின்சுவரின் நிறந்தான் தெரியும், அங்கங்கே நாலைந்து ஒளிக்கோடுகள், அவ்வளவுதான்.

தயிருக்குச் சாம்பல் நிழல்

வேண்டாம். சட்டியின் செம்மண் நிறம் தயிரின் ஓரத்தில் படிந்திருக்கும், அதைப் போடுங்கள்.

வடக்கு யன்னலை நம்புவது

ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்கு யன்னல் வெளிச்சம் மாறாது என்று சொல்வது அவர்களுடைய நாட்டுக்குச் சரி. மட்டக்களப்பில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியனே எங்களுக்கு வடக்கில்தான் நிற்கும், வெயில் நேரே மேசைக்கு வந்து நிழல்களைக் கலைத்துவிடும். அந்த மாதங்களில் தெற்கு யன்னலுக்கு மாறுங்கள், முடியாதென்றால் மெல்லிய வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டுங்கள்.

போனில் எடுத்து வரைவது

கிளாஸுக்குள் எரியும் அந்தச் செம்மஞ்சளைப் போன் பெரும்பாலும் வெறும் வெள்ளையாக்கிவிடும்.

தயிரைக் கடைசிக்கு வைப்பது

கரண்டி பட்ட தயிர் தண்ணீர் விடத் தொடங்கிவிடும், முதலில் அதை முடியுங்கள்.