ரத்ததானம்: ஒளிந்திருக்கும் ஹெபடைட்டிஸைத் தப்பவிடும் தவறுகள்

கல்லூரி ரத்ததான முகாமில் கேள்வித்தாள் நிரப்பும் மேஜைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முன்னால் இருப்பவர் வரிசையாக ‘இல்லை’ என்று டிக் போட்டிருப்பார். பின்னால் வருபவர் எட்டிப் பார்த்து அப்படியே போடுவார். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தியதுண்டா, வீட்டில் யாருக்காவது ஹெபடைட்டிஸ் (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) உண்டா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். “எப்படியும் டெஸ்ட் பண்ணத்தானே போறாங்க” என்ற நினைப்பு. நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான்.

நம் நாட்டில் ஒவ்வொரு ரத்தப் பையையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்தாக வேண்டும். பி-க்குத் தேடுவது வைரஸின் மேலுறைப் புரதமான ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.யை. சி-க்குப் பெரும்பாலும் தேடுவது, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. தொற்றிய மறுநாளே இவை தெரியாது. எலிசா என்ற ஆய்வகச் சோதனையில் பி தென்பட ஐந்தாறு வாரம் ஆகலாம். சி-க்கு இரண்டு மாதம்கூட ஓடிவிடும். அந்த இடைவெளியில் ரிசல்ட் நெகட்டிவ், பையிலோ வைரஸ். அந்த ஒரு பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து மூன்று பேருக்கு ஏற்றுவார்கள். பச்சை குத்தினால் 12 மாதம் பொறு என்பதற்குக் காரணம் இதுதான். கருவி காணாததைக் கொடையாளரின் வாய்தான் சொல்ல வேண்டும்.

மஞ்சள் காமாலை விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. கீழாநெல்லி அரைத்துக் குடித்தோம், பத்தியம் இருந்தோம், கண் வெளுத்தது, சரியாகிவிட்டது என்பார்கள். எந்த வைரஸ் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வழியாக வரும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ என்று உறுதியாகத் தெரிந்தால், ஓராண்டு கழித்துக் கொடுக்கலாம். பி, சி என்றாலோ, எதனால் வந்தது என்றே தெரியாவிட்டாலோ, கொடுக்கவே கூடாது. “காமாலைதான் போயிடுச்சே” என்று மறைப்பது ஆபத்து. இன்னொரு பக்கம், காமாலையே வராமல் பல ஆண்டுகள் பி-யைச் சுமப்பவர்கள் நிறைய. கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆள் திடகாத்திரமாக இருப்பதோ, கல்லீரல் என்சைம் நார்மல் என்ற ரிப்போர்ட்டோ சான்று ஆகாது.

அடுத்தது, நாட் (NAT) பரிசோதனை செய்த ரத்தம் என்றால் நூற்றுக்கு நூறு சுத்தம் என்று நம்புவது. நாட் வைரஸின் மரபணுவையே தேடுகிறது. சி தொற்றில் இடைவெளி ஒரு வாரம் அளவுக்குச் சுருங்கும். பி-யில் மூன்று வாரம் போல மிஞ்சும். நல்ல சோதனைதான், ஆனால் இங்கே கட்டாயமில்லை, எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது. தவிர, ஹெபடைட்டிஸ் பி-யில் ஒளிந்திருக்கும் வகை ஒன்று உண்டு. வைரஸின் மரபணு கல்லீரல் செல்லுக்குள் உட்கார்ந்திருக்கும், மேலுறைப் புரதம் சோதனையில் சிக்காது. ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 200 யூனிட்டுக்கும் கீழேதான், அதுவும் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. செலவைக் குறைக்கப் பலருடைய மாதிரிகளை ஒன்றாகக் கலந்து நாட் செய்தால், அந்தச் சொற்பமும் நீர்த்துப்போய்த் தப்பிவிடும். தனித்தனியாகச் செய்வது மேல். அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளில் பழைய தொற்றின் தடயமான ஆன்டி-ஹெச்.பி.சி.யையும் பார்க்கிறார்கள். இங்கே அதைக் கொண்டுவந்தால் கணிசமான கொடையாளர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும் என்ற தயக்கம் இருக்கிறது. நியாயமான தயக்கம்தான். ஆனால் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளை நினைத்தால், தனித்தனி நாட் சோதனைக்காவது செலவு செய்யலாம் என்பது என் கருத்து.

ராத்திரி அவசரத்தில், சில நிமிடத்தில் முடிவு சொல்லும் கார்டு டெஸ்ட்டை மட்டும் நம்பிப் பையை வெளியே விடுவது ஆய்வகத்தின் தவறு. அளவு குறைவான தொற்றை எலிசா பிடிக்கும் அளவுக்குக் கார்டு பிடிக்காது. “சொந்தக்காரன் ரத்தம்தான் சேஃப்” என்பது குடும்பத்தின் தவறு. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் மச்சானால் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்ல முடியுமா? தவறாமல் தானாக வந்து கொடுப்பவரே மேல். தனக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்கவே ரத்தம் கொடுக்க வருபவர்களும் உண்டு. அவர்கள் போக வேண்டியது அரசு மருத்துவமனை ஆய்வகத்துக்கு. அப்புறம், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட கையோடு வந்தால், ஊசியில் உள்ள புரதமே சில நாட்களுக்குப் பாசிட்டிவ் காட்டிவிடும். வீண் பதற்றம்.

ரிசல்ட் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று வந்தால் பையை எறிந்துவிட்டுக் கொடையாளரை மறந்துவிடுவதும் நடக்கிறது. முகாம் படிவத்தில் செல் நம்பர் ஒன்பது இலக்கம்தான் இருக்கும், அல்லது நண்பனுடையதாக இருக்கும். அதைவிட மோசம், முகாம் நடத்தியவரிடம் பெயரைச் சொல்லிவிடுவது. கொடையாளரைத் தனியே அழைத்து, இது முதற்கட்டச் சோதனை, உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி உறுதியானால் வீட்டில் உள்ளவர்களையும் சோதித்து, தேவையானவர்களுக்கு ஊசி போட வேண்டும். சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது. குணமான பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் நிற்கும், அதனால் மறுபடி கொடுக்க முடியாது. முகாமுக்கு வரத் தடையில்லை. கேள்வித்தாள் மேஜையில் உட்கார ஆள் எப்போதும் குறைவுதான்.