ஈரக்காற்றில் அகச்சிவப்பு: உலோகப் பரப்பில் வாயுவை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

உலோகப் பரப்பில் ஒட்டும் வாயுவை அகச்சிவப்பு ஒளியால் அளக்க ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், முன்னால் வந்தவர்கள் வழுக்கிய அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். வால்வைத் திறக்க மறப்பது போன்றவை தானாகவே தெரிந்துவிடும், அவற்றை விடுவோம். (கீழே வரும் எண்கள் அலையெண்கள், அதாவது ஒரு சென்ரிமீற்றரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, செ.மீ⁻¹ அலகில்.)

பழைய பேக்ரவுண்ட்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். காலையில் பேக்ரவுண்ட் (வாயு விடுமுன் வெறும் பரப்பின் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அலையெண்ணில் எவ்வளவு ஒளி வருகிறது என்ற வரைபு) எடுக்கிறார்கள். ஹந்தானை மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கிய பிறகு கருவியின் மூடியைத் திறந்து எதையோ சரிசெய்து, ஸ்பெக்ட்ரம் எடுத்து, காலை பேக்ரவுண்டால் வகுக்கிறார்கள். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி "பிரிட்ஜ் வந்திருச்சு சேர்" என்று தாளோடு ஓடிவந்தார். பிளாற்றினத்தின் இரண்டு அணுக்களுக்கிடையே பாலமாக (பிரிட்ஜ்) அமரும் காபனோரொட்சைட்டு (CO) வாயு 1800–1850 அளவில் உறிஞ்சும். தாளில் 1844இல் ஒரு முனை. பெரிதாக்கினால் ஊசிபோல மெலிந்திருந்தது. பக்கத்தில் 1829, 1869. 3600க்கு மேலேயும் அதே முட்கள். அத்தனையும் நீராவி. பரப்பில் ஒட்டிய மூலக்கூறு வாயுவில் போலச் சுழலாது. அதன் உறிஞ்சற் பட்டை அகலமாக, வழவழப்பாக இருக்கும்.

வாயு ஒட்டியபின் வெறும் பரப்பின் பேக்ரவுண்டை எடுக்கவே முடியாது. அதுதான் இதில் பெரிய நட்டம். திரும்ப உலோகத்தை ஐதரசனில் தாழ்த்தி (ஒட்சிசனை நீக்கி), ஆறவிட்டு, கொழும்பிலிருந்து மலையேறி வந்த நைதரசனைச் செலவழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அளக்கப்போகும் அதே வெப்பநிலையில், மாதிரியை அழுத்திச் செய்த அதே வில்லையோடு, வாயு விடுவதற்குச் சற்றுமுன் எடுங்கள். மூடியைத் திறந்துவிட்டீர்களா? நீராவிக் கோடுகள் அசையாமல் நிற்கும்வரை உலர் நைதரசன் ஓடட்டும். அப்புறம்தான் பேக்ரவுண்ட். நேரம் போகிறதே என்று பார்க்காதீர்கள்.

வாயுவை ஒட்டியதாக எண்ணுவது

2143ஐ நடுவாக வைத்து இருபக்கமும் விரியும் இரட்டை மேடு, குடுவையில் மிதக்கும் காபனோரொட்சைட்டு. பிளாற்றினத்தில் நேராக நிற்பது 2050–2100 அளவில் வரும். பம்பால் உறிஞ்சிவிட்டுப் பாருங்கள், நிலைப்பதே ஒட்டியது.

பொற்றாசியம் புரோமைட்டு யன்னலை மேசையில் விடுவது

அகச்சிவப்பு ஒளி புகும் இந்த யன்னல் ஈரத்தை இழுக்கும். இந்த ஊரில் ஒரு இரவு போதும், மங்கிவிடும். டெசிகேற்றருக்குள் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரத்துக்குள்) வையுங்கள்.

உருக்குச் சிலிண்டர்

காபனோரொட்சைட்டை உருக்குச் சிலிண்டரில் வாங்கினால், உள்ளே இரும்புக் காபனைல் (இரும்பும் அந்த வாயுவும் சேர்ந்து ஆவியாகும் சேர்வை) உருவாகி உங்கள் பிளாற்றினத்தில் இரும்பைப் படியவைக்கும். அலுமினியச் சிலிண்டர் கேளுங்கள்.

பட்டை இல்லை, ஆகவே மூலக்கூறும் இல்லை

தட்டையான உலோகப் பரப்பில், பரப்புக்குச் செங்குத்தாக இருமுனைத் திருப்பம் (மூலக்கூற்றில் நேர், எதிர் மின்னேற்றங்கள் பிரிந்திருக்கும் அளவு) மாறும் அதிர்வுகள் மட்டுமே தெரியும். படுத்திருக்கும் மூலக்கூற்றின் நீட்சி அதிர்வு தெரியாது. அதை வேறு முறையால் தேடுங்கள்.